தோப்பு நாய் நொண்டவில்லை, கத்தவில்லை, ஆனால் எழுந்து வருவதில்லை

கேள்வி: கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற வழியில் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. காவலுக்கு வெள்ளை நாட்டு நாய், ஏழு வயது. ஒரு மாதமாகப் பன்றி வந்தால்கூடப் படுத்த இடத்திலிருந்தே குரைக்கிறது. போன வாரம் இடுப்பைத் தடவிய பேரனிடம் உறுமிவிட்டது. சோறு நன்றாகத் தின்கிறது, நொண்டவும் இல்லை. வயசாகிவிட்டது, வேறு குட்டி பாருங்கள் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அண்ணா, குட்டி பார்க்கிற பேச்சைத் தள்ளி வையுங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு வயசு தெரியவில்லை, வலிதான் தெரிகிறது. நாய்க்கு நாள்பட்ட வலி வந்தால் பெரும்பாலும் கத்தாது. வழக்கமாகச் செய்வதில் ஒவ்வொன்றாக விட்டுவிடும், அவ்வளவுதான். சோறு தின்கிறதே என்று நம்பாதீர்கள், மூட்டு வலியோடும் பல நாய்கள் தட்டைக் காலி செய்துவிடும்.

நாளை விடியற்காலையில், நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னால், அது படுக்கையை விட்டு எழுவதைத் தள்ளி நின்று பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து, அப்புறம் பின்பக்கத்தை இழுத்துத் தூக்குகிறதா? பத்தடி நடந்த பிறகு சரியாகிவிடுகிறதா? அப்படியானால் இடுப்பு, முட்டி, முதுகு இவற்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம். வாய்க்காலைத் தாண்டாமல் சுற்றிப் போகிறதா என்றும் கவனியுங்கள். பிறகு நகங்கள். பாரம் போடாத காலின் நகம் தேயாது, மற்றதைவிட நீண்டிருக்கும். வெள்ளை நாய் என்பது ஒரு வசதி, ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருந்தால் எச்சில் பட்டு அங்கே முடி செம்பழுப்பாக மாறியிருக்கும். நிழலில் சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சு இரைப்பதும், ராத்திரி இடம் மாறி மாறிப் படுப்பதும் வலியால் இருக்கலாம்.

காது மடல், விரலிடுக்கு, வாலடி மூன்றிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலிக்கும், நாய் சோர்ந்து படுத்துவிடும், ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். விரலிடுக்கில் முள் ஏறியிருந்தாலும் இப்படித்தான். தொட்டுப் பார்க்கும்போது துணியால் வாயைக் கட்டிவிட்டு, வலி இல்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள், எவ்வளவு பழகிய நாயானாலும் வலித்தால் கடிக்கும். தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, தண்ணீர் விழுங்க முடியாமல் இருந்தால் மட்டும் கிட்டவே போகாதீர்கள், அது வெறிநோயாக இருக்கலாம். வருஷ ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன், வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எதையும் சோற்றில் பிசைந்து கொடுக்காதீர்கள். வயிறு புண்ணாகி, ஈரலோ சிறுநீரகமோ கெட்டு, வலிக்கு என்று கொடுத்த மாத்திரையாலேயே நாய்கள் சாகின்றன. நாய்க்கு என்று தனி வலி மருந்து உண்டு, அதை எடை பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும்.

களத்தின் சிமெண்டுத் தரையில் அதை நடக்கவிட்டு, பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். மேஜையில் ஏற்றினதும் பயத்தில் பல நாய்கள் வலியை மறைத்துவிடும், வீட்டில் எடுத்த வீடியோதான் டாக்டருக்கு உதவும். எதை எப்போது நிறுத்தியது என்பதையும் தேதியோடு சொல்லுங்கள். அதுவரை ஈரத்தரை வேண்டாம், நாலு சாக்கை மடித்துப் போடுங்கள். பேரனைக் கொஞ்ச நாள் பின்பக்கம் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உறுமியதற்காக நாயை அடிக்கவும் வேண்டாம், அங்கே வலிக்கிறது என்று அவனிடம் சொன்னால் புரிந்துகொள்வான்.