சமுதாயக் கல்லூரிக்குப் பிறகு டேவிஸ், சாண்டா குரூஸ், சான் ஹோசே ஸ்டேட்: எதற்கு மாறலாம்?

கலிபோர்னியாவின் டி ஆன்சா சமுதாயக் கல்லூரியில் (பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைத் தரும் கல்லூரி) கணினி அறிவியல் படிக்கிறீர்கள், மூன்று இடங்களிலும் அனுமதி கிடைத்திருக்கிறது, வீட்டில் தரவரிசைப் பட்டியலைக் காட்டி டேவிஸ்தான் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் சமுதாயக் கல்லூரி முடித்து டேவிஸுக்கு மாறியவள்தான். இருந்தும் அந்தப் பட்டியலை ஓரமாக வைக்கச் சொல்வேன். மூன்றாம் ஆண்டில் நுழைகிறவர் முதலில் கேட்க வேண்டியது, பட்டம் வாங்க இன்னும் எத்தனை பருவம் பிடிக்கும் என்பதுதான்.

குறுகிய பருவமான குவார்ட்டர் கணக்கில் 90 யூனிட், அதாவது பாட அளவு (நீண்ட பருவமான செமஸ்டர் கணக்கில் 60) முடித்துவிட்டால் மூன்றாம் ஆண்டு மாணவர் என்பார்கள். பாதிப் பட்டம் கைக்கு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரே பெயருள்ள பட்டத்துக்கு ஒவ்வொரு வளாகமும் வெவ்வேறு அடிப்படைப் பாடங்களைக் கேட்கிறது. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதற்கான ஒப்பந்தங்கள் அசிஸ்ட் (ASSIST) இணையதளத்தில் கல்லூரிவாரியாக இருக்கின்றன. மூன்று வளாகங்களின் ஒப்பந்தங்களையும் அருகருகே திறந்து, நீங்கள் முடித்தவற்றை அடித்துக்கொண்டே வாருங்கள். கால்குலஸில் 1ஏ முதல் 1டி வரை முழுத் தொடரும் முடிந்திருக்கிறதா, தனிநிலைக் கணிதத்துக்கும் கணினிக் கட்டமைப்புக்கும் ஈடு இருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். இந்தப் பாடங்களை முடித்தால்தான் இயங்குதளம், அல்காரிதம் போன்ற மேல்நிலை வகுப்புகளில் இடம் தருவார்கள். ஒன்று விடுபட்டாலும் அதன் பின்னால் நிற்கும் வகுப்புகள் எல்லாம் ஒரு பருவம் தள்ளிப்போகும். டேவிஸில் என்னோடு சேர்ந்த சிலர் மூன்று ஆண்டு இருந்ததற்கு இதுதான் காரணம். மதிப்பெண்ணில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

அந்தக் கூடுதல் ஆண்டின் விலையையும் பாருங்கள். டி ஆன்சாவில் கலிபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு 31 டாலர்தான். டேவிஸும் சாண்டா குரூஸும் யூசி, அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள்; அங்கே ஆண்டுக் கட்டணம் மட்டுமே 15,000 டாலருக்கு மேல். சான் ஹோசே ஸ்டேட்டில் அதில் கிட்டத்தட்ட பாதி. வாடகை தனி. சாண்டா குரூஸில் அறை தேடியவர்களிடம் பேசிப் பாருங்கள், கட்டணத்தை மறந்துவிட்டு வாடகையைப் பற்றியே புலம்புவார்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நினைத்தால் நெடுஞ்சாலை 17-இல் மலையேறி இறங்க வேண்டும். எக்ஸ்பிரஸ் பஸ் உண்டு என்றாலும் தினமும் அது சலிப்பு. டேவிஸுக்கு கேபிடல் காரிடார் ரயிலில் வார இறுதியில் வந்துபோகலாம், அவ்வளவுதான். டி ஆன்சா இருக்கும் குப்பர்டினோவிலிருந்து தினமும் போய்வரக்கூடியது சான் ஹோசே ஸ்டேட் மட்டுமே.

டேவிஸும் சாண்டா குரூஸும் குவார்ட்டர் முறை, சான் ஹோசே செமஸ்டர் முறை. குவார்ட்டர் ஓட்டம் டி ஆன்சாவிலேயே உங்களுக்குப் பழகியிருக்கும். ஆனால் அந்த இரண்டு யூசி வளாகங்களிலும் ஜூன் நடுவில்தான் வகுப்பு முடியும். செமஸ்டர் மாணவர்கள் மே மாதமே கோடைப் பயிற்சி வேலைக்குப் போய்விடுவார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், டேவிஸில் இரண்டே ஆண்டில் முடியும் என்று துறை ஆலோசகர் மின்னஞ்சலில் எழுதித் தந்தால் டேவிஸைத் தேர்ந்தெடுப்பேன். பேராசிரியரின் ஆய்வுக்குழுவில் சேர்ந்து முனைவர் படிப்பு வரை போகும் எண்ணம் இருந்தால் அங்கே வாய்ப்பு அதிகம். படித்து முடித்ததும் வேலை என்பதுதான் குறி என்றால், சான் ஹோசே ஸ்டேட்டைத் தயக்கமில்லாமல் சொல்வேன். சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனங்களில் அங்கே படித்தவர்கள் ஏராளம். உறவினர்கள் அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கடனை அவர்கள் கட்டப்போவதில்லை.

இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் இதைப் படித்தால்: டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஒன்றில் மட்டும், செப்டம்பரிலேயே இட உத்தரவாதத்துக்கு மனுச் செய்யலாம். உங்கள் பாடப்பிரிவு அதில் உண்டா என்று முதலில் பாருங்கள்; கணினி அறிவியலைப் பல இடங்களில் விலக்கியிருக்கிறார்கள்.

யூசிக்குச் சம்மதம் சொல்ல ஜூன் 1 கடைசி. இறுதி மதிப்பெண் சான்று ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். பொதுக்கல்விப் பாடங்கள் முடிந்ததற்கான சான்றிதழை டி ஆன்சா தானாக அனுப்பிவிடும் என்று இருந்துவிடாதீர்கள், தனியாகக் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள்.