மீன்பிடி குறைந்தால் சுறா மட்டும் ஏன் பெருகுகிறது?

முதல் உலகப் போரின்போது இத்தாலிக்குக் கிழக்கே உள்ள ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி குறைந்தது. அப்போது சந்தைக்கு வந்த மீன்களில் சுறா, திருக்கை ஆகியவற்றின் பங்கு கூடியதை இத்தாலிய உயிரியலாளர் உம்பர்ட்டோ டான்கோனா கண்டார். அவை தின்னும் இரை மீன்களும் அதே அளவு பெருகியிருக்க வேண்டாமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

இத்தாலியக் கணிதவியலாளர் வீட்டோ வோல்ட்டெரா 1926இல் இரண்டு சமன்பாடுகளில் விடை தந்தார். இரை தானாகப் பெருகும், இரையின்றிச் சுறா குறையும், இரண்டின் எண்ணிக்கையையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வருவதற்கு ஏற்ப வேட்டை நடக்கும். அதனால் இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கும். ஆனால் அழகே இந்த ஏற்ற இறக்கத்தின் சராசரி எண்ணிக்கையில்தான் இருக்கிறது. சுறாவின் சராசரியை நிர்ணயிப்பது இரையின் வளர்ச்சி வேகம். இரையின் சராசரியை நிர்ணயிப்பது சுறாவின் இறப்பு வேகம்! வலை குறைந்தால் இரை வேகமாக வளரும், அந்த லாபம் சுறாவுக்குப் போகும். சுறாவும் குறைவாகச் சாவதால் கொஞ்சம் இரையே அதற்குப் போதும்.

பூச்சிமருந்திலும் இதே கணக்குதான். பூச்சியோடு அதைத் தின்னும் பொறிவண்டும் செத்தால், அப்புறம் பூச்சியின் சராசரி கூடிவிடும்.