சமீபத்திய இந்திப் படங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, இந்தியில் இப்போது வருவதெல்லாம் வெட்டும் குத்தும்தானே? நம்பிப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பதில்: நிறைய இருக்கிறது தம்பி. முதலில் 'ஹோம்பவுண்ட்' (2025) பாருங்கள். நீரஜ் கேவான் இயக்கியது. போலீஸ் வேலைக்காகக் காத்திருக்கும் இரண்டு நண்பர்கள், ஒருவன் முஸ்லிம், இன்னொருவன் தலித். சந்தன் என்கிற அந்த தலித் பையன் இடஒதுக்கீட்டில் விண்ணப்பிக்காமல் பொதுப்பிரிவு என்று எழுதிவிடுகிறான், சாதி தெரிந்தால் நாளைக்கு எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயம். ஒரு விண்ணப்பப் படிவத்தை வைத்தே அவன் வாழ்க்கை முழுவதையும் சொல்லிவிடுகிறார் கேவான். அப்புறம் சூரத்தில் மில் வேலை, 2020 ஊரடங்கு, ஊர் திரும்பும் பயணம். பத்திரிகையாளர் பஷாரத் பீர் உண்மைச் சம்பவம் பற்றி எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பிறந்த கதை என்பதால் கடைசி அரைமணி நேரம் நெஞ்சை அழுத்துகிறது. பார்த்த பிறகு இரண்டு நாள் வேறு எதையும் பார்க்க மனம் வரவில்லை எனக்கு.

கேள்வி: 'லாபதா லேடீஸ்' வெறும் ஆள்மாறாட்டக் காமெடி மாதிரி இருந்தது. இவ்வளவு கொண்டாட என்ன இருக்கிறது?

பதில்: முக்காடு போட்ட இரண்டு மணப்பெண்கள் ரயிலில் மாறிப்போகிறார்கள், கதை அவ்வளவுதான், சரி. ஆனால் தொலைந்துபோன மணப்பெண் ஃபூல் குமாரி, கணவனின் ஊர் ஏதோ ஒரு பூவின் பெயர் என்பதைத் தவிர எதுவும் தெரியாமல் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அதைச் சிரித்துவிட்டுக் கடக்க என்னால் முடியவில்லை. வீட்டு வேலை எல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள் வீட்டுக்கு வழி சொல்லிக்கொடுக்கவில்லை! பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் மஞ்சு மாய் (சாயா கதம்) அவளிடம் பேசுவதை மட்டும் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 'அனிமல்' பிடித்ததா, 'கில்' பிடித்ததா?

பதில்: 'கில்'. 'அனிமல்' 201 நிமிடம் ஓடுகிறது, அத்தனை பேர் சாகிறார்கள், அவர்களுக்காக யாரும் அழுவதில்லை. 'கில்' படத்தில் ஓடும் ரயிலுக்குள் புகுந்த கொள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே சொந்தபந்தம். ஹீரோ ஒருவனைக் கொன்றால் பக்கத்திலேயே அவன் சித்தப்பாவோ மகனோ கதறுகிறான். அடிக்குக் கைதட்டிய கை அப்படியே நின்றுவிடுகிறது. ரத்தம் அதிகம்தான், குழந்தைகளோடு வேண்டாம்.

கேள்வி: 'மெர்ரி கிறிஸ்துமஸ்' தமிழிலா, இந்தியிலா?

பதில்: ஸ்ரீராம் ராகவன் இரண்டு மொழியிலும் தனித்தனியாகவே எடுத்தார், டப்பிங் படம் அல்ல. விஜய் சேதுபதி, கத்ரீனா இரண்டிலும் உண்டு. துணை நடிகர்கள் வேறு: தமிழில் ராதிகா, சண்முகராஜன், இந்தியில் வினய் பதக், பிரதிமா காஸ்மி. எனக்கு இந்தி. மும்பை பம்பாயாக இருந்த காலத்துக் கதைக்கு அந்த மொழி பொருந்துகிறது.

கேள்வி: அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க ஒன்று சொல்லுங்கள். அம்மாவுக்கு இந்தி தெரியாது.

பதில்: 'த்ரீ ஆஃப் அஸ்'. மறதி நோய் தொடங்கிவிட்ட ஒரு பெண் (ஷெஃபாலி ஷா), எல்லாம் மறந்துபோவதற்குள் சின்ன வயதில் வாழ்ந்த கொங்கண் ஊரான வெங்குர்லாவைப் பார்த்துவிட வேண்டும் என்று கணவனோடு போகிறாள். அங்கே பள்ளித் தோழன் (ஜெய்தீப் அஹ்லாவத்) இருக்கிறான். இவன் பேங்க் மேனேஜர், கவிதையும் எழுதுபவன். சண்டை இல்லை, சந்தேகம் இல்லை, மூன்று நல்ல மனிதர்கள், அவ்வளவுதான். இயக்கிய அவினாஷ் அருண் ஒளிப்பதிவாளரும்கூட, அதனால் அந்தப் பழைய வீடுகளும் கடலும் அப்படியே கண்ணில் நிற்கும். வசனம் குறைவு. சப்டைட்டிலை நீங்கள் மெதுவாகப் படித்துச் சொன்னாலே போதும், பாதிக்கு மேல் அம்மா உங்களைக் கேட்கமாட்டார்.