லினக்ஸில் டயல்-அப் மோடம்: கேள்வி பதில்

கேள்வி: போன் லைன் வழியாக இணையத்தில் இணைக்க, கணினி உள்ளே பிசிஐ துளையில் செருகிய மோடத்தை லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை.

பதில்: எல்எஸ்பிசிஐ கட்டளையில் சிப்பின் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் வின்மோடமாக இருக்கும். மோடம் செய்ய வேண்டிய வேலையைக் கணினியின் பிராசஸர் தலையில் கட்டிவிடும் வகை அது. டிரைவர் இல்லாமல் அசையாது. பழைய கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) எழுதிய டிரைவரோடு மல்லுக்கட்டுவதைவிட, சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடத்துக்கு மாறுங்கள்.

கேள்வி: வெளி மோடம்தான் சார். டயல் செய்யும் டபிள்யூவிடயல் நிரல் 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி இல்லை) என்கிறது. ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள கணக்கில்) ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கணக்கை, போர்ட்டைப் பயன்படுத்த அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். பிறகு மோடத்தோடு நேரடியாகப் பேசும் மினிகாம் நிரலில் ஏடி (AT) என்று தட்டி என்டர் அழுத்துங்கள். 'ஓகே' வராமல் வேறெதையும் மாற்றாதீர்கள்.

கேள்வி: 'நோ டயல்டோன்' வருகிறது. போனில் டோன் நன்றாகக் கேட்கிறது.

பதில்: வயர் மோடத்தின் 'லைன்' துளையில் இருக்கிறதா, 'போன்' துளையிலா? 'லைன்' துளையில்தான் இருந்தால், ஏடிஎக்ஸ்3 (ATX3) என்ற மோடம் கட்டளை கொடுங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

கேள்வி: 'கனெக்ட் 115200' என்று காட்டுகிறது. 56கே மோடத்தில் எப்படி?

பதில்: அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். போன் லைனில் வி.90 என்ற 56கே மோடம் முறையில் இறங்குவது நொடிக்கு அதிகபட்சம் 56 கிலோபிட், ஏறுவது 33.6.

கேள்வி: அப்படியானால் போர்ட் வேகத்தை 57600-இல் வைத்தாலே போதுமே?

பதில்: போதாது. வி.42பிஸ் என்ற முறை சுருக்கி அனுப்பியதை மோடம் விரித்துத்தான் கணினிக்குத் தருகிறது. எழுத்துக் கோப்பு என்றால் லைனில் வந்ததைப் போலச் சில மடங்கு வெளியே வரும். 57600 அங்கே முட்டும்.

கேள்வி: இதை நான் ஏற்க மாட்டேன். 115200-இல் பதிவிறக்கம் பாதியில் நின்றது. 38400 ஆக்கியதும் சரியானது.

பதில்: நீங்கள் கண்டது உண்மை, காரணம் வேறு. தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் ஸ்டார்ட், ஸ்டாப் பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். 115200-இல் நொடிக்கு 11,520 பைட், அதாவது 87 மைக்ரோநொடிக்கு ஒன்று. சீரியல் போர்ட்டை இயக்கும் பழைய 8250, 16450 சிப்புகளில் வந்த பைட்டைத் தேக்கிவைக்க இடமில்லை. கெர்னல் டிஸ்க் வேலையில் கொஞ்சம் தாமதித்தாலும் அடுத்த பைட் முந்தையதை அழித்துவிடும். 16550ஏ சிப்பில் 16 பைட்டுக்கு இடம் உண்டு. உங்களுடையது எது என்று டிமெசேஜ் (dmesg) கட்டளை சொல்லும். ப்ராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல் (/proc/tty/driver/serial) கோப்பை ரூட்டாகத் திறந்து 'ஓஇ' எண்ணைப் பாருங்கள். அது ஏறினால் பைட் தொலைகிறது. 16550ஏ இருந்தும் பதிவிறக்கம் நின்றால், இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரலின் அமைப்பில் சிஆர்டிஎஸ்சிடிஎஸ் (கம்பி வழியே 'நிறுத்து', 'அனுப்பு' சொல்லும் முறை) விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அதுவும் போட்டிருக்கிறேன். கேபிளும் புதிது.

பதில்: புதிதாக இருந்தாலும் 3 கம்பிக் கேபிள் உதவாது. ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் இல்லாவிட்டால் 'நிறுத்து' என்று சொல்ல வழியே இல்லை. மல்டிமீட்டரில் 25 பின் முனையின் 4, 5 பின்கள் மறுமுனை வரை ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: எனக்கும் 'பெர்மிஷன் டினைட்'...

பதில்: மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: இணைந்ததும் 'சீரியல் லைன் இஸ் லூப்ட் பேக்' என்று துண்டிக்கிறது.

பதில்: எதிர்முனை இன்னும் பயனர்பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறது, நீங்கள் அனுப்பிய பிபிபி (இணைப்பை ஏற்படுத்தும் முறை) தரவு அப்படியே எதிரொலிக்கிறது. டபிள்யூவிடயலில், பயனர்பெயர் கேள்விக்குக் காத்திராமல் பிபிபியைத் தொடங்கும் ஸ்டுப்பிட் மோட் 'யெஸ்' என்றிருந்தால் 'நோ' ஆக்குங்கள்.

கேள்வி: ஐபி வந்தும் பக்கம் திறக்கவில்லை.

பதில்: ஐபி ரூட் (ip route) கட்டளை கொடுத்துப் பாருங்கள். டிஃபால்ட் பாதை ஈத்0-வை (நெட்வொர்க் கார்டு) காட்டினால் அதை நீக்கிவிட்டு மறுபடி டயல் செய்யுங்கள்.

கேள்வி: மோடம் வேலை செய்யவில்லை. உதவுங்கள்.

பதில்: எந்தப் போர்ட்? விண்டோஸின் காம்1 இங்கே டிடிஒய்எஸ்0, காம்2 டிடிஒய்எஸ்1. மினிகாமில் ஏடி தட்டினீர்களா, 'ஓகே' வந்ததா? அதை எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.