பாக்ஸ் ஆபீஸ்: எந்தப் பெட்டி, எவ்வளவு வசூல்?

கேள்வி: ஷேக்ஸ்பியர் காலத்தில் பெட்டியில் காசு வாங்கியதால்தான் ‘பாக்ஸ் ஆபீஸ்’ என்ற பெயர் வந்தது என்கிறார்களே, சரியா? ‘டி.கே. ஏரியா வசூல்’ என்று போடுவது நாகர்கோவில் தியேட்டர்களின் கணக்கா?
– வாசகர், தக்கலை

பதில்: காசுப் பெட்டி இருந்தது உண்மை. லண்டன் ரோஸ் அரங்கம் இருந்த இடத்தை 1989-இல் தோண்டியபோது, மேலே கீறல் மட்டும் வைத்த மண் உண்டியல்களின் துண்டுகள் கிடைத்தன. நம் ஊர்க் குடுக்கை மாதிரிதான். உடைத்தால்தான் காசு வரும். ஆனால் அந்த அரங்கம் கட்டப்பட்டது 1587-இல். ‘பாக்ஸ் ஆபீஸ்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததோ ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து, 1786 வாக்கில். இவ்வளவு இடைவெளியை வைத்துக்கொண்டு இரண்டையும் முடிச்சுப் போட முடியாது.

அந்நாளைய நாடக அரங்குகளில் தடுப்பு வைத்துப் பிரித்த தனி அடைப்புகளுக்குத்தான் பாக்ஸ் என்று பெயர். வசதியுள்ள குடும்பங்கள் அதை முன்கூட்டியே பிடித்து வைக்கும். மற்றவர்கள் வாசலில் காசு கொடுத்து, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். பாக்ஸுக்கு மட்டும் பெயரைப் பதிவேட்டில் எழுத ஓர் ஆள் வேண்டும், அவர் உட்கார ஓர் அறை வேண்டும். அந்த அறைதான் பாக்ஸ் ஆபீஸ். பிறகு எல்லா டிக்கெட்டும் விற்கிற இடத்துக்கு அதுவே பெயராயிற்று. வசூல் என்ற பொருள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தது. நம் பழைய தியேட்டர்களிலும் தரை, பெஞ்ச் என்பதோடு ‘பாக்ஸ்’ என்று ஒரு வகுப்பு உண்டு.

டி.கே. என்பது திருநெல்வேலி–கன்னியாகுமரி விநியோக ஏரியா. தூத்துக்குடியும் தென்காசியும் பழைய நெல்லை மாவட்டத்திலிருந்து பிரிந்தவை என்பதால் அவையும் இதற்குள் அடங்கும். ஆகவே அது நாகர்கோவில் கணக்கு மட்டுமல்ல.

தொகையைப் பார்க்கும்போது அது கிராஸா, ஷேரா என்று கட்டாயம் பாருங்கள். உள்ளாட்சி கேளிக்கை வரியை ஒதுக்கிவிட்டு, 150 ரூபாய் டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 177, இது கிராஸ். வரி போனால் நெட் 150. விநியோகஸ்தருக்கு 60 சதவீதம் என்று பேசியிருந்தால் ஷேர் 90 ரூபாய்தான். ஒரு படத்தின் கிராஸையும் இன்னொன்றின் ஷேரையும் பக்கத்தில் வைத்து ‘இரண்டு மடங்கு வசூல்’ என்று சண்டை போடுவது இதனால்தான் வருகிறது. ஆன்லைன் புக்கிங்கில் தனியாகப் பிடிக்கும் சேவைக் கட்டணத்தை இந்த மூன்றிலும் சேர்க்கக் கூடாது.