வியர்க்கிறதே என்று நிம்மதி கொள்ளலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. இரத்த அழுத்தத்துக்காக, சிறுநீரை அதிகம் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் மதியம் பட்டறையிலேயே தலைசுற்றி, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, வாந்தியும் எடுத்தார். உடம்பு தெப்பமாக நனைந்திருந்ததால், "வியர்க்கிறதே, பயமில்லை" என்று பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டார்கள். மாலைக்குள் தேறிவிட்டார். மறுபடி இப்படி வந்தால் எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? கோடை முடியும்வரை ஏற்காட்டில் அத்தை வீட்டில் விட்டுவைக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்பாவுக்கு வந்தது வெப்பச் சோர்வு. அதற்கு அடுத்த படிதான் உயிரைக் குடிக்கும் ஹீட் ஸ்ட்ரோக். பட்டறைக்காரர்கள் வியர்வையை வைத்துக் கணக்குப் போட்டதுதான் எனக்குக் கவலை தருகிறது. வெயிலில் சும்மா கிடக்கும் முதியவருக்கு வியர்வை வற்றிவிடலாம். நெருப்பருகே உழைப்பவருக்கோ வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும்.

ஆகவே தோலைப் பார்க்காதீர்கள், பேச்சைப் பாருங்கள். பெயர், கிழமை, பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேளுங்கள். பதில் குழறினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் அதுதான். வண்டி வரும்வரை கைகட்டி நிற்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கிச் சென்று, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடுகிறவர்கள் அந்த நேரத்தில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் புகட்டாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

பாராசிட்டமால் கிருமிக் காய்ச்சலுக்கு உதவும். வெயிலால் ஏறிய சூட்டை அது இறக்காது.

நினைவு தெளிவாக இருந்து, தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் மட்டும் என்றால் நிழல், ஈரத்துணி, ஓ.ஆர்.எஸ். போதும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் அதைத் தினமும் குளிர்பானம்போலக் குடிக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் தேறாவிட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். தேறிய அன்றே திரும்ப வேலைக்கு உட்காரவும் கூடாது.

ஏற்காடு நல்ல யோசனைதான். சேலத்தைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். ஆனால் வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். சில வாரம் மலையில் இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். இறங்கி வந்த மறுநாளே பட்டறையில் முழுநேரம் உட்கார்ந்தால் போன வாரத்தைவிட மோசமாகலாம். முதல் வாரம் காலை வேலை மட்டும் போதும். 'கத்திரி தொடங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று முதலாளி சொல்லக்கூடும். சேலத்தில் ஏப்ரலிலேயே 40 டிகிரியைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. சுடர் அலையும் என்று மின்விசிறியை நிறுத்திவைப்பது பட்டறை வழக்கமானால், மணிக்கொருமுறையாவது எழுந்து காற்றுக்கு வரச் சொல்லுங்கள். தாகம் எடுக்கக் காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை.

மாத்திரை விஷயத்துக்கு இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். வெயில் காலத்தில் அந்த மாத்திரை உடலின் நீரையும் உப்பையும் இன்னும் குறைத்துவிடும். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் இரத்தத்தில் பார்த்துவிட்டு அளவைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்று அவர் சொல்வார். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் மாத்திரைகளில் சில வியர்வையைத் தடுப்பவை. அப்பா அப்படி ஏதாவது சாப்பிட்டால் அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.