தூண்டில்காரர் பதில்கள்: கனடா றீலா, கிளிநொச்சி றீலா?

கேள்வி: ஐயா, நானும் தம்பியும் இரணைமடுக் குளக்கட்டில் இருந்து கெளுத்திக்குத் தூண்டில் போடுறனாங்கள். கனடாவில் இருந்து வந்த சித்தப்பா எனக்கு ஒரு பெரிய ஸ்பின்னிங் றீல் தந்தார். தம்பி வைச்சிருக்கிறது கிளிநொச்சியில் வாங்கின சின்ன றீல். எது கூடத் தூரம் எறியும் எண்டு போன சனிக்கிழமை சோதிச்சுப் பார்த்தம். காலமை நான் எறிஞ்சன், மத்தியானம் சாப்பிட்டிட்டு வந்து அவன் எறிஞ்சான். திருப்பிச் சுத்தேக்கை கைபிடிச் சுற்றை எண்ணினம். எனக்கு 71, அவனுக்கு 84. கனடா றீல் தோத்துப் போச்செண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறான். உண்மையோ?
– வட்டக்கச்சி வாசகர்

பதில்: தம்பி, கைபிடிச் சுற்றை எண்ணித் தூரம் சொல்லுறது, யானையின்ரை அடியையும் ஆட்டின்ரை அடியையும் எண்ணி ஆர் கூட நடந்தது எண்டு தீர்ப்புச் சொல்லுற மாதிரி. பெரிய றீல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர் நூல் இழுக்கும். சின்னது 65, 70 இழுத்தாலே பெரிய காரியம். நம்பாவிட்டால் முற்றத்தில் 10 மீற்றர் நூலை நேரே விரிச்சு வைச்சு, எத்தனை சுற்றில் உள்ளே வருகுதெண்டு இரண்டு றீலிலும் பாரும். அந்தக் கணக்கில் உம்முடைய 71 சுற்று 64 மீற்றருக்குக் கிட்ட. உம்முடைய தம்பியின் 84 சுற்று 57 மீற்றருக்குக் கிட்ட. அவர் ஊரெல்லாம் சொன்னதைத் திருப்பி எடுக்கத்தான் வேணும்.

ஆனால் நீரும் துள்ள வேண்டாம், அந்த 64உம் பிழைதான். நூல் வெளியே போகப் போக, நூல் சுத்தியிருக்கிற உருளையில், அதுதான் ஸ்பூலில், சுற்று மெலியும். மெலிஞ்ச ஸ்பூலில் ஒரு சுற்றுக்கு வாற நூலும் குறையும். அதோடை இது கச்சான் காற்று வீசுற காலம். காலமை அடங்கிக் கிடக்கிற காற்று மத்தியானத்துக்குப் பிறகு எப்பிடி எழும்பும் எண்டு இரணைமடுக் கட்டில் தொப்பியைப் பறக்க விட்ட ஆளுக்குத் தெரியும். பக்கக் காற்று நூலை வில்லு மாதிரி வளைச்சுப் போடும். ஈயம் 50 மீற்றரில் விழுந்திருக்கும், நூலோ 60 மீற்றர் போயிருக்கும். நீங்கள் அந்த வளைவையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறியள்.

தண்ணியில் சோதிக்கிறதை விடுங்கோ. தரையில் எறியுங்கோ. ஈயம் விழுந்த இடத்தைக் கண்ணால் பார்த்து, எறிஞ்ச இடத்தில் இருந்து அதுவரைக்கும் அளக்கலாம். நீளமான அளவு நாடா எல்லாரிட்டையும் இராது. நான் சைக்கிள் திருத்துறவன், என்னிட்டை என்ரை லுமாலா சைக்கிள் இருக்கு. முன் சில்லில் ஒரு கம்பியில் சிவப்புத் துணி கட்டினன். சில்லு ஒருக்கால் உருண்டால் எவ்வளவு எண்டு சீமெந்து நிலத்தில் சோக்கால் கோடு போட்டு அளந்தன். என்ரை 28 அங்குலச் சில்லுக்கு 2 மீற்றர் 20 வந்தது. பிறகென்ன, எறிஞ்ச இடத்தில் இருந்து ஈயம் வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ச் சிவப்புத் துணியை எண்ண வேண்டியதுதான். உம்முடைய டயரில் காத்துக் குறைவெண்டால் கணக்கும் குறையும், அதால் உம்முடைய சில்லை நீரே அளவும்.

இடம் பள்ளிக்கூட மைதானமாக இருக்கட்டும். பத்தை வழிய, ஆள் புழங்காத தரவைக்குள்ளே ஈயத்தைத் தேடிக்கொண்டு போக வேண்டாம். மிதிவெடி எடுத்து முடிச்ச இடம் எது, முடியாத இடம் எது எண்டு எங்கடை பக்கத்தில் இண்டைக்கும் கேட்டுத்தான் கால் வைக்கிறம்.

நூல் என்னெண்டு நீர் எழுதவேயில்லை. எனக்கு அதுதான் முதல் தெரிய வேணும். சித்தப்பா மெல்லிசான பிரெய்ட், அதுதான் பின்னின நூல், சுத்தித் தந்திருந்து, தம்பியின் றீலில் 0.40 மில்லிமீற்றர் தங்கூசி இருந்தால், நீங்கள் சோதிச்சது நூலைத்தான், றீலை இல்லை. மெல்லிய நூலுக்குக் காற்றுத் தடை குறைவு, வளையத்திலை உரசலும் குறைவு, அது கூடத் தூரம் போகும். இரண்டு றீலிலும் ஒரே நூல், ஒரே றொட், ஒரே ஈயம் போடுங்கோ. றொட் நுனியில் இருந்து ஈயம் தொங்குற நீளமும் ஒண்டாயிருக்க வேணும். அதை ஒரு சாண் கூட்டினாலே எறி மாறும்.

ஒருத்தர் பத்து எறியும் எறிஞ்சு முடிய மற்றவர் தொடங்கினால் காற்றும் மாறும், கையும் களைக்கும். ஒரே ஆள் இந்த றீலால் ஒண்டு, அந்த றீலால் ஒண்டு எண்டு மாறி மாறி எறியட்டும். முதல் ரெண்டு மூண்டு எறியைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கை சூடேறியிராது. பத்தில் கூடினதையும் குறைஞ்சதையும் தள்ளிவிட்டு மிச்ச எட்டின் சராசரியைப் பாருங்கோ. ஆம்பிளையள் தங்கடை ஆகத் தூரமான ஒரு எறியை மட்டும்தான் கடைசிவரை ஞாபகம் வைச்சிருப்பினம். அந்த எறியால் ஒரு கெளுத்தியும் பிடிபட்டிருக்காது.

நானும் இதைச் செய்து பார்த்தவன். 10 அடி றொட், 60 கிராம் ஈயம், 0.35 தங்கூசி. பழைய 4000 அளவு றீலுக்குச் சராசரி 54 மீற்றர், அதை விடப் பெரிய புது 6000 அளவு றீலுக்கு 64. புதுசு வெண்டிட்டுது எண்டு நினைச்சன். பிறகு பழசைக் கழட்டிப் பார்த்தால், ஸ்பூலில் நூல் விளிம்புக்கு ஒரு சுண்டுவிரல் தடிப்பு அளவுக்குக் கீழே கிடக்குது. கீழே பழைய தங்கூசியைத் திணிப்பாச் சுத்தி, மேலே வேலை செய்யிற நூலைப் போட்டு, விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் கீழே வர நிரப்பினன். அடுத்த கிழமை அதே மைதானத்தில் 62. எட்டு மீற்றரைத் தந்தது பழைய நூல்தான், புது றீல் இல்லை. விளிம்பு தாண்டி நிரப்பினால் வேறை கூத்து. நூல் கொத்தாக் கழண்டு வந்து வளையத்தில் சிக்கும்.

அந்தக் கிழமை ஒரு மொக்குத்தனமும் செய்தன். லீடர், அதுதான் நூலின் முன் நுனியில் கட்டுற தடிச்ச நூல், போடாமல் 90 கிராம் ஈயத்தை முழுப் பலத்தோடை வீசினன். நூல் அறுந்து ஈயம் மதிலைத் தாண்டி ஒரு வீட்டின் தகரக் கூரையில் விழுந்தது. அந்த வீட்டு அம்மா வெளியிலே வரவில்லை. நான் போய்ப் பார்க்க, கட்டிலுக்குக் கீழே இருந்தா. எவ்வளவு மன்னிப்புக் கேட்டும் போதாமல்தான் திரும்பி வந்தன். ஈயம் 30 கிராமுக்கு 10 இறாத்தல் தாங்கும் எண்ட கணக்கில் தடிச்ச லீடரைக் கட்டுங்கோ. 90 கிராம் எண்டால் 30 இறாத்தல். எறியறதுக்கு றொட்டை வளைச்சு நிற்கிற நேரம் லீடர் ஸ்பூலில் நாலைஞ்சு சுற்றாவது சுத்தியிருக்க வேணும்.

கடைசியாக, வெறும் ஈயத்தோடை எறிஞ்ச தூரம் குளத்தில் கிடைக்காது. அதே றொட்டில் ஒரு துண்டு மீன் இரையைக் குத்தி எறிய என்ரை 62 மீற்றர் 41க்கு இறங்கிச்சுது. இரை காற்றைப் பிடிக்கும். அதால் சோதனையை இரையோடையும் ஒருக்கால் செய்யுங்கோ. இரைக்குப் பதிலாக அதே பருமனில் நனைச்ச பஞ்சுத் துண்டு கட்டினாலும் சரி.

இவ்வளவும் சொல்லிப்போட்டு ஒண்டைக் கேட்கிறன்: 60 மீற்றர் எதுக்கு? கெளுத்தி பகலில் ஆழத்தில் பதுங்கி, இருட்டின பிறகு மீசையால் தடவித் தடவி மேய்கிற சாதி. பொழுது பட்டால் கரைப் புல்லோரத்துக்கே வரும். மாரி தொடங்கி முதல் கலங்கல் தண்ணி கனகராயன் ஆற்றால் இறங்கிற நாளில், நான் வாய்க்கால் வாயில் 12 மீற்றருக்குள்ளே போட்ட தூண்டில்தான் இழுபட்டிருக்கு. இரண்டு தூண்டிலில் ஒண்டைக் கிட்டப் போடும், மற்றதைத் தூரப் போடும். பகல் எண்டால் தூரத்துக்குப் பலன் உண்டு, பழைய ஆற்றுப் பள்ளம் கட்டிலிருந்து தள்ளிக் கிடந்தால்.

ஐந்து மீற்றர் கூட எறியலாம் எண்டு முழங்கால் தண்ணிக்குள் இறங்க வேண்டாம். முதலை இருக்கிற குளம். மீனையும் அங்கேயே கழுவ வேண்டாம்.

கேள்வி: எறியேக்கை ஸ்பூலே சுழலுற பெய்ட்காஸ்டர் றீலால் எறிஞ்சால் எனக்கு ஒவ்வொரு முறையும் நூல் சிக்கிக் குருவிக்கூடு. தூரம் கிடைக்குது எண்டு வாங்கினதுதான். என்ன செய்ய?
– முத்தையன்கட்டு வாசகர்

பதில்: ஸ்பூல் ஈயத்தை விட வேகமாகச் சுழலுது, அவ்வளவுதான். பக்கத்துக் குமிழை இறுக்கி, பொத்தானை அமத்தினால் ஈயம் மெல்ல இறங்கி நிலத்தில் தட்ட ஸ்பூல் நிற்கிற அளவுக்கு வையும். பிரேக்கை முதல் நாள் கூட்டியே வைச்சு, நாளுக்கு ஒரு படி குறையும். எதிர்க்காற்றில் கூட்டும். பழகும்வரை ஈயம் தண்ணியில் விழ முதல் பெருவிரலால் ஸ்பூலை அமத்தும். பழகாத கைக்குக் கெளுத்தி பிடிக்க இரவிலே அந்தக் கூட்டை ரோச் லைற்றில் பிரிக்கிறதை விட, ஸ்பின்னிங் றீலே நல்லது.

கேள்வி: சுங்கான் மீன் குத்தினால் சுண்ணாம்பு வைக்கலாமோ?
– அக்கராயன் வாசகி

பதில்: வேண்டாம் பிள்ளை. அதன் இரண்டு பக்கச் செட்டை முள்ளிலும் விசம். கை பொறுக்கிற அளவு சூடான தண்ணியில் அரை மணித்தியாலம், கொஞ்சம் கூடவும், கையை வைச்சிருங்கோ. கடுப்பு அடங்கும். தண்ணியின் சூட்டைக் குத்துப்படாத கையால் முதல் பாருங்கோ, குத்துப்பட்ட கைக்குச் சூடு தெரியாது. முள் உள்ளே முறிஞ்சிருந்தாலோ வீங்கிச் சிவந்து வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, ஏற்பு ஊசி போட்டு எவ்வளவு காலம் எண்டும் சொல்லுங்கோ. அடுத்த முறை சுங்கானைக் கழட்ட முதல் ஈரச் சாக்கால் தலையோடை சேர்த்து அமத்திக்கொண்டு, குறட்டால் தூண்டில் முள்ளைப் பிடிச்சுக் கழட்டுங்கோ.